முற்றத்தில் வழிவது நின்றபோது

1

இந்தப் போகியோடு நான் இங்கிலாந்துக்கு வந்து ஒரு வருஷம் ஆகிறது. இங்கே எரிப்பதற்குப் பழைய பாயும் இல்லை, தெருவில் தீ மூட்ட அனுமதியும் இல்லை. மாடி அறையில் இருக்கும் வரதன் தன் கிழிந்த மேஜோடு ஒன்றைக் கணப்பில் போட்டுவிட்டு, “ஆச்சு, போகி முடிஞ்சுது” என்றார். மறுநாள் பொங்கல் வைத்தோம். பொங்கலுக்கு ஊரிலிருந்து ஒரு விருந்தாளியும் வந்து சேர்ந்தார். அவர் வாயெல்லாம் சிரிப்பாக ஒரு நல்ல சேதி சொன்னார். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

சித்தூர், புத்தூர், நகரிப் பக்கத்து வாசகர்களான உங்களுக்கு அந்தச் சேதியைக் கேட்டால் பயப்பட ஒன்றுமிருக்காது. சந்தோஷப்படக்கூடச் செய்வீர்கள். எனக்கு ஏன் பயம் வந்தது என்று சொல்ல வேண்டுமானால், இந்த வீட்டில் ஒரு துணி துவைக்கும் மிஷின் வந்த கதையை முதலில் சொல்ல வேண்டும்.

2

என் ஊர் பாலசமுத்திரத்துப் பக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவன் நான்தான் முதல். பிறந்தபோது என் ஊர் மெட்ராஸ் ராஜதானியில் இருந்தது. நான் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்தபோது ஆந்திர ராஜ்யத்துக்குள் வந்தது. அது பிறகு ஆந்திரப் பிரதேசம் ஆனது. நான் கப்பலேறிய பிறகு எல்லை முடிவாகி, பக்கத்துப் பள்ளிப்பட்டு மெட்ராஸுக்குப் போய்விட்டது. நாங்கள் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டோம். இங்கே மாலைநேரத் தொழில்கல்லூரியில் சேரப் போனபோது, குமாஸ்தா என் சான்றிதழ்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து, “இத்தனை தடவை வீடு மாறினீர்களா?” என்று இரக்கத்தோடு கேட்டார். நாங்கள் நகரவேயில்லை, எங்களைச் சுற்றி ராஜ்யங்கள்தான் நகர்ந்தன என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் போதவில்லை. “எஸ் சார்” என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார்.

பகலில் திருகாணி செய்யும் பாக்டரியில் வேலை. இருப்பது கங்காதரம் அண்ணன் வீட்டில். அண்ணனுக்குச் சொந்த ஊர் சித்தூர் பக்கத்துக் குடிபாலா. இரும்பு வார்க்கும் பட்டறையில் பல வருஷம் உழைத்து, யாரும் சீந்தாத இந்தப் பழைய வீட்டை வாங்கினார். சுற்றுச்சுவரிலிருந்து கூரை வரை தன் கையாலேயே பூசிச் செப்பனிட்டவர். வேலை தேடி வந்த எனக்கு முகம் சுளிக்காமல் இடம் கொடுத்தவரும் அவர்தான்.

மேல் அறைகளை எங்களைப் போன்றவர்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, அண்ணனும் சரோஜா அண்ணியும் மகள் ரேவதியும் நிலவறையில் இருந்தார்கள். நிலவறை என்பது தரைமட்டத்துக்குக் கீழே, முன்பு கரி கொட்டி வைத்த அறை. ஜன்னல் என்று பேருக்கு ஒன்று, சுவரின் உச்சியில். அதில் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். குளிருக்கு ஒரு மின்சாரக் கணப்பைத் தரையில் வைத்திருந்தார்கள். அதன் கம்பிகள் பழுத்துச் சிவந்து நாள் முழுவதும் எரியும். அதை ஒட்டி, தரையோடு தரையாக, ரேவதியின் மெத்தை.

குழந்தை அண்ணியோடு வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அதற்குள் தமிழைக் கேட்டுக்கொண்டு இங்கிலீஷில் பதில் சொல்லப் பழகிவிட்டாள். என்னைச் சித்தப்பா என்று கூப்பிடச் சொன்னால் “அங்கிள்” என்பாள். அண்ணனுக்கு அதில் ஏகப் பெருமை. அண்ணிக்கு அவள் பேசுவதில் பாதி புரியாது. மகளின் வாயையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

3

மிஷின் ஒரு சனிக்கிழமை தள்ளுவண்டியில் வந்தது. யாரோ வேண்டாமென்று தள்ளிய பழைய சாமான். மின்சாரத்தில் ஓடுவது. துவைத்து முடித்ததும் உள்ளே இருக்கும் பம்பு அழுக்குத் தண்ணீரை ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே தள்ளும். அந்தக் குழாயைச் சமையலறைத் தொட்டியில் மாட்டிவிட்டால் போதும் என்று விற்றவன் சொல்லியிருந்தான்.

மாட்டினோம். பம்பு வாளி வாளியாகத் தள்ளியது. தொட்டியின் ஓட்டையோ கட்டைவிரல் அகலம். சோப்பு நுரை விளிம்பு தாண்டி, தரையில் இறங்கி, பலகை இடுக்குகளில் கீழே சொட்டியது. நிலவறையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

“மேல இன்னா, ஏரி ஒடஞ்சிபோச்சா?”

“ஒண்ணுமில்ல, நீ மூடிக்கினு இரு!” என்றார் அண்ணன், முழங்கால் வரை நனைந்தபடி.

அடுத்து அவர் தன் வழியில் ஒரு வேலை செய்தார். தொட்டிப் பக்கத்தில் அகலமான இரும்புக் குழாய் ஒன்றை நட்டு, சுவரைத் துளைத்து, முற்றத்துச் சாக்கடைக் குழிக்குள் கொண்டுபோய் விட்டார். ரப்பர் குழாயை அதற்குள் அடிவரை செருகி, சுற்றிலும் சாக்குத் துணியைத் திணித்து, மேலே கண்ணாடி பதிக்கும் மக்கைப் பூசி அடைத்தார். எங்கள் பக்கத்தில் நீர்முறை வரும்போது மடையை அப்படித்தான் அடைப்போம். கசிகிற ஒவ்வொரு சொட்டும் அடுத்தவன் கழனிக்குப் போகிற சொட்டு. “ஒரு பொட்டு வெளிய வரட்டும் பாக்கலாம்” என்று எழுந்து கையைத் தட்டிக்கொண்டார்.

ஒரு பொட்டும் வெளியே வரவில்லை. மிஷினிலும் நிற்கவில்லை. குழாயைத் திறந்து நிரப்ப நிரப்ப, துவைக்கும் முன்பே தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போயிற்று. மாடிப்படியில் நின்று வேடிக்கை பார்த்த வரதன், “ஏன் ஓய் கங்காதரம், உம்ம மிஷினுக்கு நீரிழிவா?” என்றார். வரதன் திருப்பதிக்காரர். அவருடைய குடும்பத்தார் அங்கே கோயில் கைங்கரியத்தில் இருப்பவர்கள். இங்கே ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறார். “கோயில்ல தீர்த்தம் குடுக்கற கைக்கு இதெல்லாம் இன்னா தெரியும், போய்யா” என்று அண்ணன் எரிந்து விழுந்தார்.

கல்லூரியில் எங்கள் வாத்தியாரிடம் கேட்டேன். அவர் பலகையில் படம் போட்டுக் காட்டினார். நட்டு நிற்கும் இரும்புக் குழாயின் வாய், மிஷினில் இருக்கும் தண்ணீர் மட்டத்தைவிட உயரமாக இருக்க வேண்டும். ரப்பர் குழாயை ஆழமாகச் செருகக் கூடாது, அடைக்கவும் கூடாது. சுற்றிலும் இடைவெளி வேண்டும். தண்ணீர் இறங்க வேண்டுமானால் காற்று நுழைய வழி இருக்க வேண்டும். நாற்றம் மேலே வராமலிருக்க அடியில் ஒரு வளைவு, அதில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர். அடுத்த விடுமுறையில் நானும் அண்ணனும் அப்படியே மாற்றிப் போட்டோம். பம்பு தள்ளியது, குழாய் வாங்கிக்கொண்டது, தரை உலர்ந்தே இருந்தது. அண்ணி மேலே வந்து பார்த்துவிட்டு, “படிச்ச புள்ள படிச்ச புள்ளதான்” என்றார். நான் அன்று கொஞ்சம் தலைகொழுத்துத்தான் திரிந்தேன்.

4

அடுத்த ஞாயிறு முற்றத்தில் வழிந்தது.

முற்றத்துக் குழியின் மேல் ஒரு இரும்புச் சல்லடை உண்டு. வீட்டுத் தண்ணீரெல்லாம் அதற்குள் விழுந்து, மண்ணுக்கடியில் ஓடி, தெருச் சாக்கடையில் சேர வேண்டும். அடியில் எங்கோ பாதி அடைத்துக்கொண்டிருக்க வேண்டும். மிஷின் வருவதற்கு முன் அது தெரியவில்லை. இப்போது எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை மதியம் வரிசையாகத் துவைத்ததும், சல்லடை வழியாக நுரை பொங்கி, முற்றத்தில் பரவி, பக்கத்து வீட்டுச் சுவருக்கடியில் நுழைந்தது.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருக்கிறார். சுவருக்கு மேல் தலையை நீட்டி என்னிடம் மிக மெதுவாக, மரியாதையாக ஏதோ சொன்னார். நகரசபை என்ற சொல்லும் கடிதம் என்ற சொல்லும் காதில் விழுந்தன. நமக்காக எழுதித் தருகிறார் போலும் என்று நினைத்து, இரண்டு தரம் நன்றி சொல்லிவிட்டு வந்தேன். வரதன் தலையில் அடித்துக்கொண்டார்.

“அவா மிரட்டிண்டிருக்கா ஓய்! இன்னொரு தரம் வழிஞ்சா அதிகாரியை வரவழைப்பேன்னு அர்த்தம். நீர் தேங்க்யூ சொல்லிட்டு வந்திருக்கீர்.”

அதிகாரி வந்தால் என்ன ஆகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நிலவறையில் குடும்பம் குடியிருக்கக் கூடாது என்று இங்கே சட்டம். பார்த்துவிட்டால் காலி செய்யச் சொல்வார்கள். அண்ணன் முகம் கறுத்துவிட்டது.

எனக்கு அந்த நுரையைப் பார்த்தபோது ஊர் ஞாபகம் வந்தது. ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து போகக் கரையின் ஒரு முனையில் கருங்கல் கட்டியிருப்பார்கள். எங்கள் பக்கம் அதைக் கோடி என்போம். ஏரி கோடி போகிறது என்றால் ஊருக்கே திருவிழா. பெண்கள் மஞ்சளும் குங்குமமும் பூவும் கொண்டுபோய் வழிகிற தண்ணீரில் விடுவார்கள். ஆட்டுக்கிடா வெட்டுவார்கள். அங்கிருந்து வழிந்த தண்ணீர் அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கு. வழிவதைக் கண்டால் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இங்கே வழிவதைக் கண்டு கதவைச் சாத்திக்கொண்டு நின்றோம்.

5

அண்ணன் மறு நாளே சிமெண்டு கொண்டுவந்தார். முற்றத்துக் குழியின் சல்லடையை எடுத்துப் போட்டுவிட்டு, குழாய்கள் இறங்குமிடத்தைச் சுற்றி ஒரு இண்டு இடுக்கு விடாமல் கெட்டியாகப் பூசி மூடினார். கொத்தனாரும் அப்படிப் பூச மாட்டான். மேலே ஒரு பூந்தொட்டியையும் வைத்தார்.

“வாத்தியார் இதுக்கு இன்னா சொன்னாருடா?” என்று என்னிடம் கேட்டார்.

“இத நான் கேக்கல அண்ணா. ஆனா தண்ணி எங்கயாச்சும் போவணுமே.”

“போவும். மேல வர வழியில்லன்னா கீழ போவும். தண்ணிக்கு வேற வேல இன்னா கீது?”

அடுத்த ஞாயிறு வழியவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. முற்றம் காய்ந்து கிடந்தது. கிழவி சுவருக்கு மேலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். அண்ணன் ஆட்டுக்கறி வாங்கிவந்து எல்லோரையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டார். கறி தின்னாத வரதனுக்குத் தனியாகத் தயிர்சாதம்.

நான் மட்டும் ஒன்றைக் கவனித்திருந்தேன். பம்பு தள்ளி முடித்த பிறகு, சமையலறையில் நிற்கும் குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் தெரிந்தது. முன்பு உடனே இறங்கிப் போகும். இப்போது கழுத்து வரை வந்து நின்று, யோசித்துவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முன்பைவிட அதிகத் தண்ணீர்தான் அடியில் போய்க்கொண்டிருந்தது, வெளியே மட்டும் வரவில்லை.

சாப்பாட்டின் நடுவில் ரேவதி என் தொடையைச் சுரண்டி, இங்கிலீஷில் ஏதோ ரகசியம் சொன்னாள். தன் மெத்தைக்குக் கீழே உள்ள ஓட்டை பேசுகிறது என்றாள்.

“இன்னா சொல்லுது கொயந்த?” என்று அண்ணி என்னைக் கேட்டார்.

நான் தமிழில் சொன்னேன். அண்ணி சட்டென்று சோற்றிலிருந்து கையை எடுத்தார். “ஆமாம்ப்பா. அங்க ஒரு இரும்பு மூடி கீது. சுத்தி சுண்ணாம்பு வெச்சி அடச்சிக்கீறாங்க, எந்தக் காலத்துதோ. நீங்க மேல மிஷின் போட்டா அதுக்குள்ள கொளகொளன்னு சத்தம் வருது. ரெண்டு வாரமா ஓரத்துல ஈரம். நானும் துணி போட்டுத் தொடச்சிக்கினே கீறேன்.”

“பழைய வீடுன்னா ஈரம் வரும். அதப் போய் பெருசா…” என்று அண்ணன் எலும்பை உறிஞ்சினார். “சத்தம் வந்தா இன்னா, கூட ரெண்டு வார்த்த இங்கிலீஷ் கத்துக்கட்டும் புள்ள.”

எல்லோரும் சிரித்தோம். மெத்தையின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்தேன். தட்டு அகலத்தில் துருவேறிய மூடி; முற்றத்துச் சாக்கடை அதற்கடியில்தான் தெருவுக்குப் போகிறது போலும். சுற்றியிருந்த சுண்ணாம்பில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

6

அந்த உப்பை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, பஞ்சத்துக்குப் பின் வந்த ஒரு வருஷம் நல்ல மழை. இன்னொரு போகம் எடுத்துவிடலாம் என்று ஊரார் கூடிப் பேசி, கோடியின் மேல் மண் மூட்டைகளை அடுக்கி அடைத்தார்கள். அப்பாவை நாங்கள் நைனா என்போம்; அவரும் மூட்டை சுமந்தார். ஏரி கோடி போகவில்லை. தளும்பத் தளும்ப நின்றது. ஆண்களெல்லாம் கோடியிலேயே காவல் இருந்தார்கள், மூட்டை சரிந்தால் எடுத்துப் போட.

கரையின் மறு முனைக்குக் கீழேதான் எங்கள் தெரு. எங்கள் மாட்டுக் கொட்டகை கரையின் அடிவாரத்தை ஒட்டி இருந்தது. அங்கே தரையில் வெள்ளையாக உப்புப் பூத்தது. பிறகு ஈரம். பிறகு மாட்டின் குளம்பு புதைந்தது. நைனாவின் தம்பி பெண்சாதி, எங்கள் சின்னம்மா, “கொட்டாயில ஊத்து வருது மாமா” என்று நைனாவிடம் சொன்னார். “நல்லதாப் போச்சி, மாட்டுக்குத் தண்ணி தூக்கற வேல மிச்சம்” என்று நைனா சிரித்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

கோடிக்கு ஒன்றும் ஆகவில்லை. மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருந்தன. காவலிருந்தவர்கள் மறு முனையில் சத்தம் கேட்டு ஓடிவந்தபோது, கரையில் ஒரு வண்டி நுழையும் அகலத்துக்கு வாய் திறந்திருந்தது. கொட்டகை இருந்த இடத்தில் கொட்டகை இல்லை. உள்ளே பால் கறந்துகொண்டிருந்த சின்னம்மாவைக் கீழ்க்கழனியில்தான் கண்டெடுத்தார்கள்.

இதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கேலி செய்யவில்லை.

“அது ஏரிடா. இது வாளித் தண்ணி.”

“குழிய ஒடச்சிடலாம் அண்ணா. முத்தத்துல வழிஞ்சா வழியட்டும்.”

“வழிஞ்சா கெழவி எழுதுவா. எழுதினா அவன் வருவான். வந்தா என் பொண்டாட்டி புள்ளைய நடுத்தெருவுல நிறுத்துவான். நீ வந்து ஊட்டுல வெச்சிக்குவியா? ஊரான் ஊட்டுல ரூமு எடுத்துக்கினு எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டான்.”

குழந்தையின் மெத்தையையாவது வேறு பக்கம் போடலாம் என்றேன். கணப்பை விட்டால் வேறு எந்தப் பக்கமும் குளிர் தாங்காது என்றார் அண்ணி. அவர் குரலில் அவருக்கே நம்பிக்கையில்லை. அன்று மாலை மெத்தையைச் சற்று ஒதுக்கி, மூடியின் மேல் தன் டிரங்குப் பெட்டியை இழுத்து வைத்தார்.

7

அடுத்த ஞாயிறு அண்ணன் பட்டறையில் கூடுதல் வேலைக்குப் போயிருந்தார். மிஷின் முறை எனக்கு. எனக்கு முன்பே மாடியில் இருப்பவர்கள் துவைத்து முடித்திருந்தார்கள். நிற்கும் குழாயில் தண்ணீர் வாய்க்குச் சற்றுக் கீழே நின்றது. இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்கவில்லை. மிஷினைப் போடுவதில்லை என்று முடிவு செய்து, துணியை எடுக்கக் கையை விட்டேன்.

அப்போது குழாய்க்குள் மடக்கென்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். அத்தனை நேரம் அசையாமல் நின்ற தண்ணீர் ஒரே இழுப்பில் மறைந்திருந்தது.

அடைப்பு விட்டுவிட்டது என்று அரை நொடி சந்தோஷப்பட்டேன். கீழேயிருந்து அண்ணி அலறினார்.

படியின் பாதியிலேயே பார்த்துவிட்டேன். டிரங்குப் பெட்டி ஒருபக்கம் சாய்ந்து கிடந்தது. மூடி பெயர்ந்த இடத்தில் கறுப்புத் தண்ணீர் குடை விரித்தாற்போல எழும்பிக்கொண்டிருந்தது. ரேவதி மெத்தைமேல் நின்று கைதட்டிக் குதித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது விளையாட்டு. அவளுக்கும் அண்ணிக்கும் நடுவே தரையில் அந்தக் கணப்பு, கம்பிகள் பழுத்தபடி. தண்ணீர் அதை நோக்கி நாக்கு நீட்டிக்கொண்டு போயிற்று. அண்ணி குழந்தையிடம் ஓடக் காலைத் தூக்கிவிட்டார்.

“அண்ணி, நில்லு! தண்ணில கால வெக்காத!”

அவரை நான் நீ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மின்சாரப் பெட்டி படியின் தலைமாட்டில் இருந்தது. திரும்பி ஓடி மெயின் கைப்பிடியை இழுத்தேன். வீடு முழுவதும் இருண்டது. கீழே தண்ணீர் கொப்பளிக்கும் சத்தம் மட்டும். குழந்தை கைதட்டுவது நின்றிருந்தது.

“அண்ணி!”

பிறகு சளக் சளக்கென்று காலடி. பிறகு குரல்.

“எங்கிட்ட கீது. புள்ள எங்கிட்ட கீது.”

அண்ணன் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் பார்த்தார். சாய்ந்த கணப்பைத் தூக்கி, அதன் அடிப்பாகத்திலிருந்து சொட்டிய தண்ணீரைத் துடைத்தார். ரேவதியின் தலையில் கை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். எனக்கும் கண் கலங்கியது. மனுஷன் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

மறு நாள் மாலை அவர் தோளில் மறுபடியும் சிமெண்டு மூட்டை.

“இந்தத் தடவ அந்த மூடி மேலயே கெட்டியாப் போடறேன். கம்பி வெச்சிப் போடறேன்.”

அண்ணி எழுந்து நின்றார். புருஷனை எதிர்த்து அவர் பேசி நான் கேட்டதில்லை.

“போடுங்க. போட்டுக்கினே இருங்க. அது வேற எடம் பாத்துக்கும்.”

8

அண்ணன் மூடியைப் பூசி முடித்தார். அதற்குள் கிழவி நகரசபைக்கு எழுதிவிட்டிருந்தார். அவர் வீட்டுச் சுவரிலும் ஈரம் ஏறியிருக்கிறது. அதிகாரி வருகிற நாள் தெரிந்ததும் அண்ணன் மெத்தைகளைச் சுருட்டி மாடிக்கு ஏற்றினார். நிலவறையில் உருளைக்கிழங்கு மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து போட்டார். எங்களிடமெல்லாம், “கீழ சாமான் மட்டும்தான், தெரியுதா?” என்றார். ரேவதியை மடியில் வைத்துக்கொண்டு, “நோபடி ஸ்லீப்ஸ் டவுன்ஸ்டேர்ஸ்” என்று சொல்லப் பழக்கினார். அவள் கிளிப்பிள்ளை போலச் சொன்னாள். தப்பில்லாமல் சொன்னதற்கு ஒரு மிட்டாயும் கிடைத்தது.

அதிகாரி நெட்டையான மனிதர். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, கால் துடைத்து உள்ளே வந்தார். அண்ணன் முற்றத்தைக் காட்டினார், சமையலறையைக் காட்டினார், நான் நட்ட குழாயைக் காட்டினார். அதைப் பார்த்து, சரியாகப் போட்டிருக்கிறது என்று அதிகாரி பாராட்டினார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. நிலவறைக் கதவருகில் வந்ததும், அண்ணியின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்ற குழந்தையைப் பார்த்துக் குனிந்தார். நீ எங்கே தூங்குவாய் என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

ரேவதி அப்பாவைப் பார்த்தாள். பிறகு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள்.

அண்ணிக்குக் கேள்வி புரிந்திருக்க வழியில்லை. மூன்று பேர் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். மெதுவாகத் தமிழில் சொன்னார்:

“நீ எங்க தூங்கறியோ, அத அவருக்குக் காட்டு கண்ணு.”

“சரோஜா!” என்றார் அண்ணன்.

குழந்தை அதிகாரியின் விரலைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, கீழே கூட்டிக்கொண்டு போனாள். உருளைக்கிழங்கு மூட்டைக்குப் பக்கத்தில் நின்று, “மீ, ஹியர்” என்று தரையைக் காட்டியது எங்களுக்கு மேலே கேட்டது. ஓட்டை இங்கேதான் பேசும் என்பதையும் சொன்னாள். அதிகாரி திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று.

அவர் கோபப்படவில்லை. நிலவறையில் யாரும் தூங்கக் கூடாது என்றார். கூட வந்த ஆள் கடப்பாரையால் முற்றத்துச் சிமெண்டை உடைத்தான். இரண்டாவது குத்தில் தண்ணீர் பீறிட்டு அவனை முழங்கால் வரை நனைத்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்ணி உள்ளே போய், மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து, அந்த நாற்றத் தண்ணீரில் தூவிவிட்டுக் கும்பிட்டார். அது என்ன மருந்தா என்று அதிகாரி வரதனிடம் கேட்டார். வரதன் கொஞ்சம் யோசித்து, “ஆமாம் சார், எங்க ஊர் மருந்து” என்று முடித்துவிட்டார்.

பிறகு தெருவைத் தோண்டிப் பழைய மண்குழாய்களை மாற்றினார்கள். நான் வரதன் அறைக்கு மாறினேன், என் அறையை அண்ணியும் குழந்தையும் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் கூடத்தில் படுத்துக்கொள்கிறார். பொங்கல் வரை அவர் அண்ணியோடு பேசவில்லை. ஞாயிறு தோறும் மிஷின் ஓடுகிறது. குழாய் ஒரு மூச்சில் வாங்கிக்கொள்கிறது. ஆனாலும் ரேவதி மாடி அறையின் தரையில் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் படுக்கிறாள்.

9

பொங்கலுக்கு வந்த விருந்தாளி எங்கள் ஊர்த் துரைசாமி. அண்ணன் பட்டறையில் வேலை பேசி, கப்பலில் வந்து இறங்கியிருந்தார். குளிரில் நடுங்கிக்கொண்டே இலைக்குப் பதிலாகப் போட்ட தட்டில் கை வைத்து, ஊர் சமாச்சாரம் சொல்ல ஆரம்பித்தார்.

“இந்த வருசம் மய பிச்சி ஒதறிடுச்சி ரத்தினம். ஏரி ரொம்பி தளதளன்னு கீது.”

“கோடி போச்சா? கெடா வெட்டினாங்களா?” என்று ஆசையாகக் கேட்டேன்.

“கோடி எங்க போவுது? ஒரு சொட்டு வழியல.” துரைசாமி சிரித்தார். “கீழூரு மெட்ராஸ் பக்கம் போயிடுச்சில்ல? நம்ம தண்ணிய அந்த ராஜ்யத்துக்கு எதுக்கு உடணும்னு பெரியவங்கள்லாம் பேசி, கோடிய மூட்ட போட்டு அடச்சிட்டாங்க. நாங்களே தூக்கிப் போட்டோம். கரைய மண்ணு கொட்டி ஒசத்திக்கீறோம், முன்ன மாதிரி இல்ல. ராப்பகலா காவலுக்கு ஆளு போட்டுக்கீது.”

“காவல் எங்க?”

“கோடிலதான். வேற எங்க?”

அண்ணன் சாப்பிடுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

“நைனா எப்படி கீறாரு?” என்றேன்.

“உங்க நைனாவா? படு குசாலா கீறாரு. புதுசா கொட்டாய் கட்டினாரே கரையோரம், அதுலயே ஊத்து வந்துடுச்சாம். மாட்டுக்குத் தண்ணி தூக்கற வேல மிச்சம்னு புள்ளகிட்ட சொல்லுன்னாரு.”

சரோஜா அண்ணி கரண்டியைக் கீழே வைத்தார். பொங்கல் நாளன்று அண்ணன் அவரோடு முதல் வார்த்தை பேசினார். “அவனுக்குச் சட்டைய எடுத்துக் குடு சரோஜா. தபாலாபீசுக்குப் போவணும்.”

நானும் அண்ணனுமாகப் போனோம். தந்தி எழுதும் பெண் ஊரின் பெயரைப் படித்துவிட்டு, இது மெட்ராஸா ஆந்திராவா என்று கேட்டார். இரண்டு புத்தகங்களைப் புரட்டினார். எதிலும் இல்லை. மெட்ராஸ் வழியாக அனுப்பினால் தாமதமாகலாம் என்றார். சித்தூர் என்று போடச் சொன்னேன். கோடியைத் திறக்கவும், கொட்டகையில் மாடு கட்ட வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சொற்களை எண்ணிப் பார்த்து, பொருள் சரிதானா என்று மறுபடி கேட்டார். சரிதான் என்றார் அண்ணன்.

துரைசாமி கப்பலேறி எத்தனையோ வாரமாகிவிட்டது. தந்திக்குப் பதில் இன்னும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதி உங்களுக்கும் அனுப்புகிறேன். இது அச்சாகி உங்கள் கைக்கு வரும்போது, உங்களில் யாராவது பாலசமுத்திரத்துப் பக்கம் போகிறவராக இருந்தால் ஒரு உதவி செய்யுங்கள். கோடியில் போய் நின்று பார்க்க வேண்டாம். அங்கே மூட்டைகள் வைத்த இடத்திலேயே இருக்கும். கரையோடு நடந்து மறு முனைக்குப் போய், கீழே இறங்கி எங்கள் கொட்டகையைப் பாருங்கள். காலை வேளையாக இருந்தால் நைனா அங்கேதான் பால் கறந்துகொண்டிருப்பார்.